திருப்பிக் கேட்ட மாத்திரை

தஞ்சாவூரிலிருந்து குடவாசலுக்குத் திரும்பிய பேருந்தில் காதர் மைதீன் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். அருகில் அவர் மனைவி சைத்தூன் பீவி. காலையில் மருத்துவரிடம் அவள்தான் நிறையப் பேசியிருந்தாள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டதும், கைப்பையிலிருந்த புட்டியைப் பெருமையோடு எடுத்து மேசைமீது வைத்தாள்.

"மூட்டுவலிக்குங்க. எங்க வீட்டுக்காரரு சார்ஜாவுலேருந்து கொண்டாந்தது. நம்மூரு மாத்திரை மாதிரி இல்ல, போட்ட அர மணியில எந்திரிச்சி நடக்கலாம்."

"தினமுமா?"

"தினம் ரெண்டு. ஏழு வருசமா."

மருத்துவர் அந்தப் புட்டியை அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இந்த வலி மாத்திரைய என்னைக்கோ ஒண்ணுன்னா பரவால்ல. நாள் தவறாம போட்டா கிட்னி தாங்காதும்மா. ரத்தக் கொதிப்பு வேற இருந்திருக்கு, யாரும் பாக்கல. கிட்னி முக்காவாசி போயிடுச்சு. போனது திரும்பாது. இருக்கிறத வச்சுக் காப்பாத்தலாம்."

உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாயும் கருவாடும் கூடா. கொதிப்புக்கான மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. மாதந்தோறும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். என்றேனும் ஒருநாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய நேரலாம். அந்த நாளைத் தள்ளிப்போடுவதே இனி அவளுடைய வேலை.

அயல்நாட்டுப் பிழைப்புக்குப் போய் வரும் சபராளி எவரும் வெறுங்கையோடு தெருவுக்குள் நுழைவதில்லை. சென்ட், தைலம், பிஸ்கட்டோடு வலி மாத்திரையும் பெட்டியில் வரும். பக்கத்து வீட்டாருக்கு அது பெரிய மரியாதை. இம்முறையும் காதர் மைதீன் ஆறு வீடுகளுக்கு ஆறு புட்டிகள் கொடுத்திருந்தார். வழி நெடுகிலும் அவர் அந்த ஆறு வாசற்படிகளையே நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணத்தைச் சொன்னார். சைத்தூன் பீவி தலையில் கைவைத்தாள்.

"குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களா? சரி, கேளுங்க. எனக்கு நோவுன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க. வெள்ளிக்கிழம நம்ம தஹ்மீனாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஆத்தாளுக்குக் கிட்னி கெட்டிருக்குன்னு தெரிஞ்சா வாசலோட போயிடுவாங்க."

"சொல்லல" என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் இறங்கினார்.

முதல் வீடு பிரகதாம்பாளுடையது. குத்தகைக்கு ஒன்றரை மா நிலம் உழும் குடும்பம். மற்ற நாள்களில் அவள் ஊரார் வயல்களில் நடவு நடுவாள். கால் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வாங்கண்ணே. என்ன, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நான் குடுத்த மாத்திரை இருக்கா? தேதி முடிஞ்சுபோச்சாம். குடுத்திடு."

அவள் சிரித்துவிட்டாள்.

"நல்லாருக்கே! வெளிநாட்டுச் சரக்குல தேதி முடிஞ்சா என்னண்ணே? நம்மூரு மாத்திரை தேதி முடியாமலே வேல செய்யல. இது ஜோராக் கேக்குது. இத முழுங்கித்தான் முப்பது நாளாக் குனிஞ்சு நிமிர்றேன்."

"தெனமுமா?"

"தெனந்தான். நாளைக்கும் நடவு இருக்கு. குடுத்துப்புட்டு நான் எப்படிக் குனிய?"

இன்னொரு பொய்யைத் தேட அவருக்குத் தெம்பில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"உன் மதனிக்கு இதாலதான் கிட்னி போச்சு, பிரகதா. முக்காவாசி."

அவள் ஈரக்காலோடு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் புட்டியைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மிச்சத்தை நீட்டினாள்.

"நாளைக்கு மட்டும், அண்ணே."

அவர் புட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

இரண்டாவது வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் வீட்டில் இல்லை. அடுத்த தெரு சென்று, அவரைத் தேடிப் பிடித்து, அவர் புட்டியை எங்கு வைத்தோம் என்று துழாவி முடிப்பதற்குள் அரைமணி கழிந்தது. மூன்றாம் வீட்டைக் காதர் மைதீன் அடைந்தபோது, கமலாம்பாள் புட்டியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன், "மதனிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள். செய்தி அவரை முந்திக்கொண்டுவிட்டது. மேற்கொண்டு எந்த வீட்டிலும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்புகையில் வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் தெருப் பெண்கள் சூழ்ந்திருக்க, சைத்தூன் பீவி சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். உள்ளறைக் கதவருகே தஹ்மீனா தலைகுனிந்து நின்றாள். சைத்தூன் பீவி கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் நெடுமூச்செறிந்து, பிரகதாம்பாளின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாடி, தெனம் ரெண்டு போட்டேன். எனக்கும் ஒண்ணும் தெரியல. கிட்னிக்குன்னு வலியே இல்ல, மூத்திரத்துல நுரைதான். முந்தானை முடிச்ச அவுரு. அந்த மாத்திரைய இங்க வச்சிட்டுப் போ. காலையில ஆஸ்பத்திரியில ரெத்தம் குடுத்துட்டு அப்புறம் நடவுக்குப் போ."

"கூலி போயிடும் மதனி."

"போவட்டும்" என்றாள் சைத்தூன் பீவி, கையை நீட்டியபடியே.