ஊதாப் பொட்டு வைத்த பூட்டு

என் நாத்தனார் மாற்றலாகிப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "என் ஹாரனை எப்ப கழட்டித் தருவே?" என்பதுதான்.

அவள் சர்வேயர். நான் மாட்டு டாக்டர். இருவருக்கும் பிழைப்பு மலைப்பாதையில். அதனால் இருவரிடமும் ஒரே வருடத்து, ஒரே பச்சை நிற, ஒரே மாதிரி இருமுகிற ஜீப். நாங்கள் கீழ் வீடு, அவள் மாடி. ஜீப்புகள் ஒரே வாசலில் அக்கம்பக்கமாக நிற்கும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றதிலிருந்து வேண்டியதைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். எஞ்சின் பக்கம் எல்லாம் அவள் வேலை. கதவு, ஒயர், பூட்டு போன்ற நுணுக்கமானவை என் வேலை. பின்னால் சண்டை வரக்கூடாதே என்று ஓர் ஏற்பாடும் உண்டு. அவள் கொடுக்கிற சாமானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். நான் மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தொட்டு வைப்பேன்.

"அதுக்கென்ன அண்ணி, போறதுக்கு முன்னாடி தந்துடறேன்."

"ஹாரன் மட்டுமில்ல, எல்லாம். உன்னோடது உனக்கு, என்னோடது எனக்கு. ஞாயித்துக்கிழமை பிரிச்சுடலாம்."

"எல்லாத்தையுமா? நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

யோசிக்கவில்லை. எனக்குக் கோபம். பல்வலி வந்தால்கூட முதலில் என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டுகிறவள், மாற்றல் கேட்டு எழுதிப் போட்டதை மட்டும் மூச்சு விடவில்லை. உத்தரவு வந்த பிறகு, இரண்டு நாள் கழித்து, என் கணவர் வாயிலிருந்து பிடுங்கித் தெரிந்துகொண்டேன். போதாக்குறைக்கு, இத்தனை வருடமாக அள்ளி அள்ளிக் கொடுத்தவள் நான்தான் என்று ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை வேறு.

ஞாயிறு காலை வாசலில் தார்ப்பாயை விரித்தோம். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். "நான் எந்தக் கட்சியும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

முதலில் அவள் ஜீப். ஹாரனில் ஊதா. வைப்பர் கையில் ஊதா. பக்கக் கண்ணாடியில் ஊதா. சிகரெட் சாம்பல் தட்டும் ஊதா. நாங்கள் இருவருமே சிகரெட் பிடிப்பதில்லை. அதை எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் தார்ப்பாயில் வரிசையாக வைத்தேன்.

"இன்னும் இருக்கும். பானெட்டைத் திற."

திறந்தாள். குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு ஊதாகூட இல்லை.

"உங்களோடதைத் திறக்கட்டுமா அண்ணி?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

என் வண்டிக்குள்ளே அம்மை போட்டிருந்தது. ரேடியேட்டரில் சிவப்பு. கார்புரேட்டரில் சிவப்பு. ஸ்டார்ட்டர் மோட்டாரில் சிவப்பு. தண்ணீர் போகிற ரப்பர் குழாயில்கூட அழகாக ஒரு சிவப்புப் பொட்டு.

"இதெல்லாம் எப்ப கொடுத்தே?"

"ரேடியேட்டர், மலைமேல ஒரு மாடு கன்னு போட முடியாம கிடந்துதே, அன்னிக்கு. கார்புரேட்டர் அதுக்கு அடுத்த வாரம். ஸ்டார்ட்டர், உங்களோடது எரிஞ்சுபோனப்ப."

"திருப்பிக் கேக்கவே இல்லையே நீ?"

"கேட்டா நீங்க எதுல போவீங்க? நான் வேற வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

நியாயமாக அங்கேயே பானெட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

"கழட்டு" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை மேல ஊசி போடப் போகணுமே?"

"நடந்து போவேன்."

"நாப்பது மாட்டுக்கு மருந்து, ஐஸ் பெட்டி, எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டா?"

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கழற்றினாள். மதியத்துக்குள் என் ஜீப் வெறும் தகரக் கூடாகிவிட்டது. தார்ப்பாயில் அவள் பக்கம் மலையாகக் குவிந்திருந்தது. என் பக்கம் ஹாரன், வைப்பர் கை, கண்ணாடி, சாம்பல் தட்டு, அவ்வளவுதான். எப்படியாவது ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும் என்று அவள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கதவுப் பூட்டில் ஊதா தெரிந்தது.

"பூட்டு என்னுது" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கதவின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதை மட்டும் விட்டுடுங்க அண்ணி."

ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு இந்த ஜீப்பில் வந்து இறங்கினாள். அவன் முறைக்கு எனக்கு அண்ணன். அப்படிக் கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும். அவனிடம் ஜீப்பின் இன்னொரு சாவி இருந்தது. நினைத்தபோது வருவான், அவளைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போவான். இல்லாவிட்டால் உள்ளே உட்கார்ந்து, அவள் இறங்கி வரும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். அவள் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். பழைய மாடலுக்குப் புதுப் பூட்டு கிடைக்கவில்லை. ஒரு நாள் நான் இரண்டு ஜீப்பின் கதவுப் பூட்டுகளையும் சாவி போட்டுக் கிளப்புகிற பூட்டையும் கழற்றி, இதை அதிலும் அதை இதிலும் மாட்டினேன்.

மறுநாள் வந்தான். சாவியைப் போட்டுத் திருகு திருகு என்று திருகினான். மாடியிலிருந்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டயரை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனவன்தான், அப்புறம் வரவே இல்லை. பக்கத்தில் நின்ற என் ஜீப்பில் சாவியைப் போட்டிருந்தால் சட்டென்று திறந்திருக்கும். அவ்வளவு புத்தி இருந்தால் அவன் ஏன் இவளை இழக்கிறான்?

"அன்னிக்கு ராத்திரிதான் நான் நல்லா தூங்கினேன் அண்ணி" என்றாள். "போற ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ரேடியேட்டர், கார்புரேட்டர் எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க. பூட்டைக் கேக்காதீங்க."

ஸ்க்ரூ டிரைவரை அவள் பக்கம் நீட்டி அதட்டினேன்.

"அப்ப ஏன்டி என்கிட்ட சொல்லாம மாத்தல் கேட்டே?"

"சொன்னா போகாதேன்னு சொல்வீங்க. நீங்க சொன்னா நான் போக மாட்டேன்."

உண்மைதான். சொல்லியிருப்பேன். இப்போதுகூட அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் நின்றது. அவள் போவது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. அவள் கதவிலிருந்து கையை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தேன். இரண்டு கதவுப் பூட்டுகளிலும் இரண்டு இரண்டு சொட்டு விட்டேன்.

"அங்க மழை ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்றேன். "நனைஞ்சா இந்தப் பூட்டு அடம்பிடிக்கும். முரட்டுத்தனமா திருகாதே. சாவியை ஒரு நூல் வெளியில இழுத்து, அப்புறம் திருப்பு. எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு."