குனிந்தால் வலிக்காது

விருந்தினரின் பேருந்து மலை வளைவில் மறையும்வரை குனிந்தே நிற்கவேண்டும் என்பது அந்த ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியின் வழக்கம். வாசல் சரளைக்கல்லில் பணிப்பெண்கள் பத்துப் பேரும் கிமோனோவில் வரிசையாக நின்று, இடுப்பை மடித்துத் தலையைத் தாழ்த்தியிருந்தார்கள். வண்டி மறைந்ததும் ஒன்பது பேர் நிமிர்ந்தார்கள். ஹட்சுயே மட்டும் நிமிரவில்லை.

"அக்கா, பஸ் போய் ரொம்ப நேரமாச்சு," என்றாள் பக்கத்தில் நின்ற கினுயோ. "கீழ எதையாச்சும் தொலச்சிட்டீங்களா?"

"இடுப்பத் தொலச்சிட்டேன். அதத்தான் தேடுறேன்."

கினுயோ சிரித்தபடி முழங்கையில் கைகொடுத்தாள். ஹட்சுயே மெல்ல நிமிர்ந்தபோது வலி இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கியது. காலையிலிருந்து முப்பது பேருக்கான சோற்றுத் தட்டுகளைப் படியில் தூக்கிப் போயிருந்தாள். லிஃப்ட் விருந்தினருக்கு மட்டும்தான். அறுபது வயதில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு இந்தக் கும்பிடுதான். அதை மரியாதை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் ஊருக்குள் இருந்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டியிருந்தார்.

"இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல நாலாவது எலும்பு தேஞ்சு, அஞ்சாவதுக்கு மேல முன்னால வழுக்கி வந்திருக்கும்மா. நரம்பு போற வழி குறுகிடுச்சு. நிமிந்தா நசுங்கும், குனிஞ்சா கொஞ்சம் வழிவிடும். எத்தன வருசமாத் தட்டு தூக்குறீங்க?"

"இருபத்தேழு."

அவர் ஆபரேஷன் செய்து மாதக்கணக்கில் ஓய்வு எடுக்கவேண்டும் என்றார். வேலையால் வந்த கோளாறு என்று அரசு நஷ்டஈட்டு விண்ணப்பத்தில் தன் பங்கை எழுதிக்கொடுத்தார். மீதியை விடுதி எழுதி முத்திரை வைக்கவேண்டும். வைத்தால் படுத்திருக்கும் நாளிலும் வேலை பறிபோகாது. வைக்காவிட்டால் அவளாகவே விலகவேண்டியதுதான். விலகினால் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையும் போய்விடும். அவளுக்கு வேறு வீடு இல்லை.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. குளிர்காலம் வந்தால் எல்லாருக்கும் கையுறை வாங்கிக்கொடுப்பவள்தான். அன்று மாலை ஹட்சுயே நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்ததும் முத்திரைப் பெட்டியை எடுத்தாள், சிவப்பு மையின் மூடியையும் திறந்தாள். அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தாள்.

"தேய்மானம்னு போட்டிருக்கே ஹட்சுயே. வயசானா யாருக்குத்தான் தேயாது? எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு."

"படியில தட்டு தூக்கித் தூக்கி வந்ததுன்னு டாக்டர் சொல்றாரும்மா."

முதலாளியம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். போன மாதம் வந்துபோன விருந்தினர் எழுதியது. 'வரிசையில் ஒரு பெண்மணி எங்கள் பேருந்து மறைந்த பிறகும் நிமிரவே இல்லை. கண் கலங்கிவிட்டது.'

"இது நீதானே? இடுப்பு கெட்டவ இவ்வளவு நேரம் இப்படிக் குனிஞ்சு நிப்பாளா? நாளைக்கு லேபர் ஆபீஸ்காரங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"குனிஞ்சா வலிக்கலம்மா. நிமிந்தாதான் வலி."

முதலாளியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு, கேலி எதுவும் இல்லாமல், நிம்மதியாகச் சிரித்தாள்.

"அப்ப என்ன? நம்ம பொழப்பே குனியறதுதானே."

மைமூடி திரும்பவும் மூடிக்கொண்டது. "நாளைக்கு விளம்பரப் படம் எடுக்க வர்றாங்க. நீ முன்னால நில்லு."

ஹட்சுயே விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டாள். இருபத்தேழு வருடம் வலியை யாருக்கும் தெரியாமல் மறைத்துவைத்தது அவளுடைய சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் படம் எடுக்க வந்தவன், "முன்னால நிக்கிற அம்மா மாதிரி எல்லாரும் குனியுங்க," என்றான். குனிந்தபோது பட்டைக்குள் இருந்த காகிதத்தின் முனை வயிற்றில் குத்தியது. நிமிரச் சொன்ன பிறகும் அவள் நிமிரவில்லை. அவன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அந்தப் படம்தான் சுவரொட்டியாகி லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது. கீழே பெரிய எழுத்தில், 'உங்கள் பேருந்து மறைந்த பிறகும்.' லிஃப்டில் ஏறாத ஹட்சுயே அதைப் பார்க்கவில்லை. கினுயோ சொல்லித்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து, மூன்றாம் மாடிக்குக் காலைச் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். மரத்துப்போன இடது காலை இழுத்துக் கடைசிப் படியில் வைத்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே வயதான கணவனும் மனைவியும், அவர்களுக்குப் பின்னால் சுவரில் அவளும் இருந்தாள்.

அந்த அம்மாள் சுவரொட்டியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "ஏங்க, இவங்கதாங்க அது," என்று கணவரின் கையைத் தொட்டாள்.

ஹட்சுயே தட்டைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பை மடித்தாள். வலி விட்டது. கதவு மூடி, லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது. தட்டில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் குனிந்தே இருந்தாள்.