என் கதையில் அலிஸ்டர் நன்றாகத் தமிழ் பேசுகிறான்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். லீட்ஸ் நகரில் என் சின்ன வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் அலிஸ்டர் பென்ரோஸ் என்கிற மனிதன். என் முன்னாள் மனைவி பிரிஜட்டின் இந்நாள் கணவன். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பங்குதாரன்.

ஆனால் கதை அவனைப் பற்றியது அல்ல. என் மகன் ரூபனைப் பற்றியது. வயது பதினைந்து. இந்த வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் ஜூலை மாதம் ஒரு வாரம் எங்காவது வேலை பார்த்துப் பழக அனுப்புவார்கள். இடத்தைப் பிள்ளையே தேடிக்கொள்ள வேண்டும், அதாவது பெற்றவர்கள் தேட வேண்டும். ரூபன் அந்த வாரம் அலிஸ்டரின் நிறுவனத்துக்குப் போனான். அவ்வளவுதான் கதை.

முதல் வரிக்காகப் பட்ட பாடு:

"திங்கட்கிழமை காலை, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் ரூபன் வந்து இறங்கியபோது" – நான் அங்கே இல்லை. காரில் கொண்டுபோய் இறக்கியது அலிஸ்டர். வெட்டு.

"பணம் படைத்தவனின் கார் கதவு மூடும் சத்தமே தனி" – வயிற்றெரிச்சல் அப்பட்டமாகத் தெரிகிறது. வெட்டு.

"ஒரு ஊரில் ஒரு அப்பா இருந்தார். அவருக்கு ஒரே ஒரு" – இது ஒப்பாரி. வெட்டு.

2

ரூபன் என் கடைக்குத்தான் வருவதாக இருந்தது. நான் டைல்ஸ் கடையில் கவுன்டரில் நிற்கிறேன். எங்கள் மேலாளர் மோரீனிடம் ஈஸ்டர் சமயத்திலேயே சொல்லி வைத்துவிட்டேன். அவள் சின்ன அளவில் ஒரு சீருடைச் சட்டைகூட வரவழைத்திருந்தாள். பிறகுதான் பிரிஜட்டின் போன் வந்தது.

"நாதன், கோவிச்சுக்காத. அலிஸ்டர் ஆபீஸ்ல ரூபனுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கு."

"அதான் எங்க கடை இருக்கே."

"டைல்ஸ் கடை எங்கயும் ஓடிப் போயிடாது. இந்த எடத்துக்கு எத்தன பேரு அடிச்சுக்கிறாங்க தெரியுமா?"

"ரூபன் என்ன சொன்னான்?"

"அப்பா வருத்தப்படுவாரான்னு கேட்டான். மாட்டார்னு சொன்னேன். படுவியா?"

"சேச்சே," என்றேன்.

இருபது வருஷம் இங்கே இருந்தால் இந்த 'சேச்சே' தானாக வாயில் வரும். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிற ஊர் இது. திங்கட்கிழமை மோரீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கய்யா கோலின்*, உன் பையன் வரல?"

"அவனுக்குப் பெரிய எடத்துல கெடச்சிருச்சு," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பின்னால் போய் டைல்ஸ் ஒட்டும் பசைமூட்டைகளை ஒன்றும் பாதியுமாக அடுக்கினேன்.

(* கோலின் நான்தான். வேலையில் சேர்ந்த அன்று எனக்குச் சீருடை வரவில்லை. வேலையை விட்டுப் போன கோலின் என்பவரின் சட்டையைக் கொடுத்தார்கள், மார்பில் அவர் பெயர் தைத்திருந்தது. முதல் வாடிக்கையாளர் 'கோலின்' என்றார். திரும்பினேன். அதற்குப் பிறகு திருத்தினால் அவர்களுக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகிறது. புதுச் சட்டைகளும் அதே பெயரோடுதான் வருகின்றன. இதற்கும் கதைக்கும் தொடர்பில்லை.)

3

அலிஸ்டர் என்கிற பாத்திரம் எனக்குச் சரியாக அமையவில்லை. முதல் வரைவில் கஞ்சனாக்கினேன். நம்பும்படி இல்லை. அடுத்ததில் திமிர் பிடித்தவனாக்கினேன். ஆனால் போன டிசம்பரில் ரூபனை அவர்கள் வீட்டில் விடப் போனபோது, என் கார் கண்ணாடியில் படிந்த பனியை ராத்திரிச் சட்டையோடு வந்து சுரண்டிக் கொடுத்தவன் அவன். அதைக் கதையில் எங்கே ஒளித்து வைப்பது? கடைசியில் கையில் மிஞ்சியது அவன் தலைமுடிதான். ஐம்பத்திரண்டு வயதில் காடு மாதிரி முடி. அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஒரே ஒரு பழி வாங்கினேன். என் கதைக்குள் வந்தால் எவனாக இருந்தாலும் தமிழ்தான் பேசியாக வேண்டும். இங்கேயாவது அவன் நாக்கு தடுமாறட்டும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் என்னைவிட நன்றாகப் பேசித் தொலைக்கிறான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் அவனுக்கும் பிரதமருக்கும் ஒரே மரியாதைதான். தமிழில் 'அவன்' போடுவதா 'அவர்' போடுவதா என்பது என் கையில் இருக்கிறது. என்ன போட்டிருக்கிறேன் என்று பார்த்திருப்பீர்கள்.

4

புதன்கிழமை மாலைகள் என்னுடையவை, ஏற்பாடு அப்படி. ரூபன் அலுவலகத்திலிருந்து நேராக மீன் வறுவல் கடைக்கு வந்தான். கறுப்புக் கோட்டு. கழுத்தில் பட்டை கட்டிய அடையாள அட்டை. கழற்ற மறந்திருந்தான். அதில் அவன் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த பெயர்: ரூபன் பென்ரோஸ்.

"என்னடா இது?"

"எது?"

"கழுத்துல தொங்குதே, அது."

மரக்குச்சியால் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே குனிந்து பார்த்தான். "ஓ, இதுவா. வரவேற்புல இருக்கிறவங்க மொதல்லயே அச்சடிச்சு வெச்சுட்டாங்கப்பா. அலிஸ்டரோட பையன்னு நெனச்சுட்டாங்க போல."

"இல்லன்னு சொல்ல வாய் இல்லையா?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். பின்னாடி ஆளுங்க நின்னாங்க. மேல போனா எல்லாரும் அந்தப் பேரையே சொல்றாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

"எனக்கு இருக்காதா?"

"நீ அங்க இல்லியேப்பா."

வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் தேடினேன், இல்லை. என் பிள்ளை என் எதிரிலேயே, என் காசில் வாங்கிய மீனைத் தின்றுகொண்டு, இன்னொருவன் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மீனில் வினிகர் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். ரூபன்தான் பாட்டிலை வாங்கி வைத்தான்.

5

அந்த அட்டை எப்படி வந்தது? எழுதியவை:

அ. அலிஸ்டரே சொல்லி அச்சடிக்க வைத்தான். எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஒரே மூச்சில் இரண்டு பக்கம் வந்தது. இவ்வளவு சுலபமாக வருவது பொய்யாகத்தான் இருக்கும்.

ஆ. அவன் கவனிக்கவே இல்லை. அடுத்தவன் கணக்கில் பிழை பிடித்தே சோறு தின்கிறவன், காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கழுத்தைப் பார்க்கவில்லையாம்! நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இ. பார்த்தான். ஒரு நொடி மகிழ்ந்து போனான். அவனுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பேசாமல் இருந்தான். இதை எழுதும்போது அவன்மேல் எனக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

6

சனிக்கிழமை ரூபன் வீட்டுக்கு வந்தான். அட்டையை வெள்ளிக்கிழமையே திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

"ஆனா நேத்து ஒரு கூத்து, கேளு. லிஃப்ட்ல நானும் அலிஸ்டரும் போறோம், அவங்க பெரிய பாஸ் ஹில்டா ஏறுனாங்க. என் அட்டையப் பாத்துட்டு, 'அலிஸ்டர், உங்க பையனா? அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கான்'னாங்க."

ரூபனுக்கு என் நிறம், என் மூக்கு. அலிஸ்டர் பால் வெள்ளை. மரியாதைக்காக இந்த ஊரார் எதையும் சொல்வார்கள்.

"அவன் என்ன சொன்னான்?"

"அலிஸ்டரா? 'இல்ல ஹில்டா, இவன் ரூபன் தில்லைநாதன். அட்டையில தப்பா போட்டிருக்கு. இவன் வாயத் தெறந்து சொல்ல மாட்டான், அப்படியே அவங்க அப்பா. அந்த மனுஷன் பன்னெண்டு வருஷமா கோலினா இருக்காரு'ன்னாரு. லிஃப்டே சிரிச்சுச்சு."

நாற்காலி முதுகில் என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, மார்பில் கோலின் என்ற பெயரோடு. ரூபன் அதைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

"தில்லைநாதன்னு சரியா சொன்னானா?"

"ரொம்பச் சரியா. வாரம் பூரா கார்ல சொல்லிப் பழகிக்கிட்டே வந்தாருப்பா."

பிரிஜட் ஒன்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் 'நாதன்' வரைக்கும்தான் வந்தாள்.

வாசகரே, நடந்த அநியாயத்தைப் பாருங்கள். என் பிள்ளை அச்சு அசல் என்னைப் போலத்தான் நடந்துகொண்டான் என்று நான் அல்லவா கண்டுபிடித்திருக்க வேண்டும்? எழுதுகிறவன் நான், அப்பாவும் நான். தொடர்பில்லை என்று நான் அடிக்குறிப்பில் தள்ளியதை அலிஸ்டர் எடுத்துக் கதையின் நடுவில் வைத்துவிட்டான். இருப்பதிலேயே நல்ல வசனம் அவனுக்குப் போய்விட்டது. அதை ரூபன் வாயில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், என் வாயிலும் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. தலைமுடியும் அவனுக்கு, வசனமும் அவனுக்கு.

7

ஞாயிற்றுக்கிழமை காலை இதை எழுதிக்கொண்டிருந்தபோது ரூபன் பின்னால் வந்து நின்றான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"என்னைப் பத்தியா எழுதுற? என் பேரு எது?"

காட்டினேன்.

"அலிஸ்டர் பேரு?"

அதையும் காட்டினேன். திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தான். ஒரு வாரத் தணிக்கைக்காரன் அல்லவா?

"இங்க அலிஸ்டர். இங்கயும் அலிஸ்டர். இதோ மறுபடியும். என்னப்பா, என்னைப் பத்தின கதைன்னு சொன்ன?"

"உன்னைப் பத்தினதுதான்டா."

"அப்ப நான் அங்க என்ன வேலை பாத்தேன்னு எந்த எடத்துல எழுதியிருக்க?"

திரையை மேலே நகர்த்தினேன்.

"நீ கேக்கவே இல்லியேப்பா. அட்டையப் பத்திக் கேட்ட. அவர் என்ன சொன்னாருன்னு கேட்ட. அவர் என்ன கார் ஓட்டுறாருன்னுகூடக் கேட்ட." திரையிலிருந்து விரலை எடுத்தான். "அங்க போனது நான்."

மேலே போய்த் தேடிப் பாருங்கள். நானும் தேடினேன். அவன் உட்கார்ந்த மேசைகூட இந்தக் கதையில் இல்லை.

"சரி," என்றேன். மடிக்கணினியை மூடினேன். "சொல்லு. என்ன பண்ண அங்க?"

கோலின் சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "மொத நாளே நான் ஒரு பெரிய சொதப்பல் பண்ணேன் தெரியுமா," என்று ஆரம்பித்தான். டீ ஆறும் வரை சொன்னான், இன்னொரு டீ போட்டுக் குடித்துவிட்டும் சொன்னான். சிரித்தோம். ஓரிடத்தில் அவன் கண் கலங்கியது.

முடிவு வேண்டுபவர்கள் லிஃப்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலிஸ்டர் அங்கே அழகாகவே முடித்து வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு ரூபன் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. நடுவில் ஒரே ஒரு தடவைதான் அவன் பேச்சில் குறுக்கிட்டேன்.

"இதெல்லாம் அலிஸ்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லப்பா. உன்கிட்டதான் மொதல்ல."

அலிஸ்டருக்கே தெரியாததை உங்களுக்குச் சொல்லிவிடுவேனா?