எதிர்க்கரைப் புகை

அவர்களுக்கு நியாண்டர்தால் என்று பெயர் வைக்க இன்னும் நாற்பதாயிரம் வருடம் இருந்தது. குர்முவின் மகள் தோஹ்ரிக்கோ இந்தக் கோடைக்குள் கல்யாணம் ஆகவேண்டும்.

குகையில் இருந்தவர்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். எல்லாரும் எல்லாருக்கும் உறவு, சிக்கலே அதுதான். கல்யாண வயதில் இருந்த ஒரே பையன் ஓர்னா, தோஹ்ரியின் சித்தப்பா மகன். குகைக்குள்ளேயே கட்டிவைத்த ஜோடிகளுக்குப் பிறந்த எதுவும் இரண்டாவது பனிக்காலத்தைத் தாண்டியதில்லை.

ஆகவே வழக்கப்படி குன்றின்மேல் பச்சைக் கிளைகளைப் போட்டுப் புகை எழுப்பினார்கள். பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். பையன் இருக்கும் குகை பதில் புகை போடும். போன கோடையில் பதில் வரவில்லை. அவர்களுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின கோடையிலும் அதே தலைக்கனம்தான்.

இந்தத் தடவை ஆற்றின் எதிர்க்கரையில் புகை தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மதியத்துக்குள் கரை முழுக்கப் புகை.

குர்முவின் மனைவி ஹெம்ரா கழுகு நக மாலையை மகள் கழுத்தில் போட்டாள்.

"பாத்தியா, எம்பொண்ணுக்கு வரிசைல நிக்கறானுங்க."

"நம்ம ஜனமே அவ்ளோ கிடையாதேடி," என்றான் குர்மு.

"நல்ல காரியத்துல நொட்டை சொல்லாத."

மறுநாள் வந்தார்கள். நெட்டையாக, ஒடிந்துவிடுகிற மாதிரி கால்களோடு, மூக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் போல என்று ஓர்னா இரக்கப்பட்டான். மான் கறி கொடுத்தார்கள். தின்றுவிட்டு இன்னும் கேட்டார்கள். பின்னாலேயே கிழவிகள், கைக்குழந்தைகள், சுருட்டிய தோல்கூடாரங்கள். பெண் பார்க்க வருகிறவன் வீட்டைச் சுருட்டிக்கொண்டு வருவதில்லை என்று குர்முவுக்குப் பட்டது. ஆனால் அவர்களில் ஒருவன் தோஹ்ரியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பெண் கொடுத்தால் பெண் எடுக்கவேண்டும். குர்மு அவர்களுடைய பெண்ணொருத்தியைக் காட்டி, பிறகு ஓர்னாவைக் காட்டினான். அவர்கள் ஓர்னாவின் நெற்றிமேட்டைப் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வேணாம்னு சொல்லிடு," என்று ஹெம்ரா குர்முவிடம் கிசுகிசுத்தாள்.

"நான் போறேம்மா," என்றாள் தோஹ்ரி. "இங்க எனக்கு யாரு இருக்கா?"

அவள் சிரித்தவனின் பின்னால் கரைக்கு இறங்கிப் போனாள்.

"எனக்கு, பெரியப்பா?" என்றான் ஓர்னா.

குர்மு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மான்கள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் அவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவசரமே இல்லாமல்.