கல்லுக் கேற்

காத்தான்குடியில் றவூப் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 'யோர்க் றவூப்' என்றால் ஒருவர்தான். இருபது வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். பதினொரு மாதம் இருந்ததை இருபது வருடம் பேசலாமா என்று கேட்காதீர்கள். ஆற்றங்கரைத் தேத்தண்ணிக் கடையில் அவர் அதைப் பேசாத நாள் குறைவு.

பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். யோர்க் நகரத்தின் நட்டநடுவில் மலைபோல ஒரு பழைய தேவாலயம். அதற்குப் போகிற தெருவின் வாசலில் ஸ்டோன்கேற், அதாவது கல்லுக் கேற். மூன்று ஆள் உயரம். விடிய ஆறு மணிக்குத் திறப்பார்கள். முதலாவதாக உள்ளே நுழைகிறவர் றவூப். வலப்பக்கத்தில் மார்கிரட் என்ற கிழவியின் புத்தகக் கடை. அங்கே தூசு தட்டிப் புத்தகம் அடுக்குவதுதான் அவருடைய வேலை. "அந்த ஊரு நடுவில குடிக்கிற பார் எண்டு ஒண்டு கிடையாது. அவ்வளவு ஒழுக்கம்," என்று சொல்லிக் கோப்பையைக் கவிழ்ப்பார்.

உண்மை என்னவென்றால், றவூப் அந்த நகரத்தின் நடுவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஊருக்கு வெளியே, வயல்களுக்குள் இருந்த ஒரு தொழிற்சாலையில் பன்றி இறைச்சி வெட்டிப் பொதி செய்தார். என்ன இறைச்சி என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பதினொரு மாதம் நின்றார். அதுதான் அவரை இன்றைக்கும் அறுக்கிறது.

முதல் மாதம் மனைவி அஸீமா தொலைபேசியில், "என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டாள். அப்போது தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை மேசையில் ஒரு பிஸ்கற் டின் இருந்தது. மூடியில் ஒரு பழைய தெருவின் படம். ஒரு புத்தகக் கடை, தெருமுடிவில் கோபுரம், கீழே ஸ்டோன்கேற் என்ற எழுத்து. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். படத்தில் கேற் இல்லை. பெயரில் இருக்கிறதே என்று ஒன்றை அவரே கட்டி நிறுத்தினார். அந்தத் தெருவுக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். ஆனால் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கையில் வாடை நின்றது. அந்தக் கையோடு நல்ல சனங்கள் உலாவுகிற இடத்துக்குப் போக அவருக்கு வெட்கமாக இருந்தது.

பொய் தேத்தண்ணிக் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் ரிப்கா அதைக் கேட்டே வளர்ந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளை எடுத்தன. ஒன்று யோர்க். மற்றது அவளுடைய பாடத்துக்குப் பேர்போனது. "வாப்பா நடந்த தெருவில நானும் நடக்கணும்," என்று அவள் யோர்க்கைப் பிடித்தாள். அன்றைக்காவது தடுத்திருக்கலாம். மனிதர் பெருமையாகத் தலையாட்டினார்.

அஸீமா தன் தறியில் ஒரு சால்வை நெய்து மகளின் பெட்டியில் வைத்தாள். "மார்கிரட் மனிசிக்கிட்ட என்ட கையால குடுத்ததா சொல்லு. உங்கட வாப்பாவ பிற ஊரில நல்லாப் பாத்த மனிசி," என்றாள். "அவ இப்ப உசிரோட இரிக்கிறாவோ தெரியா," என்று மட்டும் றவூப் முனகினார்.

மகள் போய் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, அஸீமாவின் அண்ணன் முகைதீன்பாவா காக்காவும் பிள்ளைகளும் வீட்டில் இருந்த நேரம் வீடியோவில் ரிப்கா வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒடுங்கிய தெரு, முன்னுக்குச் சாய்ந்த பழைய வீடுகள், முடிவில் கோபுரம். றவூப் போனுக்குக் கிட்டக் குனிந்தார். டின் மூடியேதான்.

"வாப்பா, ஸ்டோன்கேற்றில நிக்கிறன். நீங்க சொன்ன கேற் எங்க?"

"தெரு வாசல்ல பாரு மகள்."

"ரெண்டு பக்கமும் பாத்திட்டன், இல்ல. ஒரு கடைக்காரர்ட்டயும் கேட்டன். இந்த ஊரில கேற் எண்டா தெருவாம், பழங்காலத்துச் சொல்லாம். மெய்யான வாசலுக்குப் பார் எண்டுதான் பேராம். கோட்டை மதிலில நாலு பெரிய பார் இரிக்காம்."

முகைதீன்பாவா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாரே இல்லாத ஊரெண்டு மச்சான் சொன்னாரே. இப்ப பார் நாலு இரிக்கி, கேற்றுத்தான் இல்லயா?"

வீடு சிரித்தது. றவூப்பும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. ரிப்கா திரைக்குள்ளிருந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது.

"இல்ல மாமா," என்றாள். "முந்தி இரிந்ததாம். தெரு திருத்தக்குள்ள கழட்டிப்போட்டாங்களாம்."

"மார்கிரட் மனிசி?" என்று அஸீமா போனைப் பிடுங்கினாள்.

"கண்டன் உம்மா. இந்தா இப்பதான் வாறன். நல்லா வயசு போயிட்டு. சால்வையக் குடுத்த உடன தோளில போட்டா. வாப்பாவ சுகம் கேட்டா."

இந்தப் பிள்ளை, பரீட்சையில் ரீச்சர் தவறிக் கூடப்போட்ட இரண்டு புள்ளியைக்கூடத் திருப்பிக் கொடுத்தவள். இப்போது கோர்வையாகப் பொய் சொல்கிறாள், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அந்தக் கோர்வை யாரிடமிருந்து வந்தது என்று றவூப்புக்குத் தெரியும். நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அஸீமா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவம், நல்ல மனிசி. இன்னொரு சால்வை நெய்து பார்சல்ல அனுப்பணும்," என்று சொல்லிக்கொண்டே பின் அறைக்குப் போனாள். காக்காவும் பிள்ளைகளும் புறப்பட்டார்கள்.

தனியே இருந்த றவூப்பின் போன் கிணுங்கியது. மகளின் செய்தி. "வாப்பா, சால்வை என்ட பேக்கிலதான் இரிக்கி. இஞ்ச சரியான குளிர். நான் போடட்டா? மார்கிரட்ட படம் ஒண்டு அனுப்பச் சொல்லி உம்மா கேட்டா என்ன சொல்ற?"

அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அடுத்த பொய்யை அவரிடமே கேட்டுச் சொல்ல மகள் தயாராக நிற்கிறாள். இருபது வருடமாக ஊருக்குச் சொன்னதை இனி அவள் சுமக்கப்போகிறாள்.

'போடு மகள்' என்று எழுதினார். அனுப்பினார். பிறகு எழும்பிப் பின் அறைக்குப் போய்ப் போனை நீட்டினார்.

அஸீமா தறியில் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி அங்க கெடக்கு. நீங்களே வாசிங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வாசித்தார். நூலில் இருந்த அஸீமாவின் கை நின்றது.

"அப்ப மார்கிரட்?"

"அப்பிடி ஒரு மனிசி இல்ல, அஸீமா. அந்தத் தெருவ நான் கண்ணால கண்டதில்ல."

அவள் நூலை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "பதினொரு மாசமும் அங்க என்ன வேல செஞ்சீங்க?"

முதல் மாதம் தொலைபேசியில் கேட்ட அதே கேள்வி. பார்த்துச் சொல்ல இப்போது முன்னால் டின் எதுவும் இல்லை. றவூப் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"பண்டி வெட்டினன்," என்றார்.