ஏரி நடுவே மூன்று மாடி

வீட்டு வரைபடத்துக்குப் பொறியாளர் கையெழுத்து சென்னை அஸ்தினாபுரத்தில் எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரசீது வேண்டாம் என்றால் ஏழரைக்கு இறங்கும். மூன்று மாடியும் அதற்குள் தூங்கப்போகும் உயிர்களும் அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கும் என்பதை விற்பவன் விலையில் சேர்ப்பதில்லை.

மாணிக்கவேலுக்கு இந்தச் சந்தை தெரியும். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம். மிஞ்சியது பள்ளிக்கரணையில், சதுப்பு ஓரம் ஒரே மனை. அதில் மகள் சுபத்ராவுக்கும் பேரப்பிள்ளைக்கும் வீடு கட்டப்போகிறார். கையெழுத்துப் போட வந்த பொறியாளர் ஜெரூஷாவோ, மண்ணைத் துளைத்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன் என்றாள். துளைக்க அறுபதாயிரம்.

துளை போடுகிறவனிடம் இவளுக்கு எவ்வளவு கமிஷன்? அவர் மனம் அங்கேதான் போனது.

“ஏம்மா, தாம்பரம் சுத்தி இவ்ளோ ஏரி கீது. கரை போட்டவன் எவன் கையெய்த்து போட்டான்?”

“போடல சார். அவன் குடியிருந்ததே கரைக்குக் கீழதான். உடைஞ்சா முதல்ல போறது அவன் வீடு. அப்புறம் வெள்ளைக்காரன் சம்பளம் குடுத்து இன்ஜினியரை ஊர் ஊரா மாத்தினான். ஆள் போயிடுவான், பொறுப்பு தங்கணுமே? அதுக்குத்தான் கையெழுத்து.”

“நல்லா பேசற. ரியல் எஸ்டேட்டுக்கு வந்துருக்கலாம்.”

வாங்குமுன் சரக்கை உரசிப் பார்ப்பது அவர் வீட்டு வழக்கம். அஸ்தினாபுரத்துக்காரனுக்கு வரைபடம் அனுப்பினார்; சர்வே எண்ணை மட்டும் மாற்றி, ஊர் ஏரியின் நட்டநடுவைக் கொடுத்தார். பணம் போன மாலையே சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது: ‘இடத்தை நேரில் ஆய்வு செய்தேன். மண் கெட்டி. மூன்று மாடி தாங்கும்.’

அந்த இடத்தில் நீர்க்கோழிகள் நீந்திக்கொண்டிருந்தன.

ஒருவன் திருடன் என்பதால் அடுத்த ஆள் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. மறுநாள் ஜெரூஷாவையும் உரசினார்.

“நீ சொல்ற மாரியே கட்றேன். கீய் போர்ஷன்ல நீயே குடி வரியா?”

“வாடகை எவ்ளோ சார்?”

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அசைத்தது.

“இருபத்திரண்டு.”

“இருபதுன்னா வரேன். மண்ணு மோசம்னா அடியில ஆழமா தூண் இறக்கணும். இறக்கலன்னா சும்மா குடுத்தாலும் வேணாம்.”

“நாளைக்கே துளைக்கச் சொல்லு.”

வண்டியை எடுக்கும்போது மனத்துக்குள் கணக்கு முடித்தார். அஸ்தினாபுரம் கையெழுத்து, ஏழாயிரத்து ஐந்நூறு: தண்ணீரில் போட்டது. மண் சோதனை, அறுபதாயிரம்: செலவு. வாடகையில் விட்டது, மாதம் இரண்டாயிரம்: கழிவு. கமிஷன் பற்றிய சந்தேகம்: எந்தப் பக்கமும் சேரவில்லை, பாக்கி.