வளைவின் மேல் அவாத்

பாலைவனத்தில் வாசல்போல நிற்கும் அந்தப் பாறை வளைவில் ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்கும்போதுதான் குலை நடுங்கும். ஏறும்போது கண்ணுக்குத் தெரிந்த கால்பிடிகள் இறங்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இது தெரிந்தும், ஜீப்பில் கூட்டிவந்த நான்கு வெளிநாட்டுப் பெண்கள் கைதட்டினார்கள் என்பதற்காக அவாத் செருப்பைக் கழற்றிவிட்டு மளமளவென்று ஏறிவிட்டான். ஐம்பது வயதுக்காரன். தொந்தி வேறு.

கீழே கூடாரத்தில் டீ விற்கும் நூஃபா அடுப்பைத் தூண்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு முறை காலைத் தொங்கவிட்டுத் துழாவினான். இரண்டு முறையும் மேலே இழுத்துக்கொண்டான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

நான்கு வருஷமாக எரிந்த வயிறு. எவனோ ஒரு பயணி ஆசைப்பட்டான் என்று அவன் பெயரை வளைவின் அடியில் உளியால் செதுக்கிக் கொடுத்தவன் இந்த அவாத். பாறையில் கீறுவது அங்கே குற்றம். விசாரணை வந்ததும் நூஃபாவின் தம்பி முத்லக்தான் செய்தான் என்று கூசாமல் சத்தியம் செய்தான். நூஃபா கண்ணால் பார்த்தவள். ஆனால் அக்காவின் சாட்சியை யார் கேட்டார்கள்? முத்லக்கின் வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கல்லும் தெரிந்த பிள்ளை இப்போது அக்கபா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. அந்தப் பழியை அவாத்தின் வாயாலேயே துடைக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

"சித்தப்பா மகளே! வலது கால எங்க வைக்கணும்? ஒரு வார்த்தை சொல்லேன்!"

"காத்து நல்லா வருதாண்ணே அங்க?"

"வெளையாடாத. கல்லு சுடுது."

"முத்லக் இருந்தா கையப் பிடிச்சு எறக்கியிருப்பான். அவனத்தான் தொரத்திட்டீங்களே!"

அதற்குள் இன்னொரு ஜீப் வந்தது. ஓட்டிவந்தவர் அபூ நயிஃப். பள்ளத்தாக்கில் எந்த வழக்கானாலும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அண்ணாந்து பார்த்துவிட்டு, "என் முட்டியை வச்சுக்கிட்டு நான் ஏறினா அப்புறம் ரெண்டு பேர எறக்கணும்," என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. அவாத்தின் நாக்கு உலர்ந்தது. திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"நூஃபா! உன் கூடாரத்துல எனக்கு அடைக்கலம்! எல்லாரும் கேட்டுக்கங்க, நான் அடைக்கலம் கேட்டுட்டேன்!"

எங்கள் பாலைவனத்து ஆட்களிடம் அந்தச் சொல் விழுந்துவிட்டால் பகையாளியானாலும் காப்பாற்றியே தீர வேண்டும். அவளை மடக்கிவிட்டதாக நினைத்தான் மடையன். பயத்தில் அவனுக்கு வழக்கத்தின் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் வந்தது.

நூஃபா சந்தோஷமாக அடுப்பை விட்டு எழுந்தாள். "குடுத்தேன்," என்றாள் உரக்க. "சுவரப் பாத்துத் திரும்பு. வலது கால ஒரு சாண் இடப்பக்கம் நகத்து. அங்கதான். இப்ப அடுத்தது." ஒவ்வொரு பிடியாகச் சொல்லி இறக்கினாள். கூடாரத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், காப்பியும் ஊற்றினாள்.

"இப்ப சொல்லுங்கண்ணே. யாருக்குப் பயந்து, என்ன தப்புக்காக அடைக்கலம் கேட்டீங்க? அபூ நயிஃப், வழக்கம் அதானே?"

"அதேதான். தப்பு பண்ணாதவன் அடைக்கலம் எதுக்குக் கேக்கப் போறான்? அடைக்கலத்துல உக்காந்துகிட்டுப் பொய் சொன்னா, அப்புறம் ஒனக்கு ஒரு கூடாரத்துலயும் எடம் இல்ல அவாத்து."

காப்பி ஆறியது. அவாத் மணலைப் பார்த்தபடி சொன்னான்: "முத்லக்கு இல்ல. நான்தான் செதுக்கினேன். பொய்ச் சத்தியம் பண்ணினேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினான்.

"எங்க கெளம்பிட்டீங்க? அடைக்கலம் மூணு நாள். அதுக்குள்ள எந்திரிச்சுப் போனா என் கூடாரத்த அவமானப்படுத்தினதா ஆகும். வர்றவங்க எல்லாம் டீ குடிக்க இங்கதான் வருவாங்க. ஏன் உக்காந்திருக்கீங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்க."

அவன் மறுபடி உட்கார்ந்தான். நூஃபா போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள்.

"கெளம்பி வா முத்லக். அவாத் அண்ணன் நம்ம கூடாரத்துல இருக்காரு."

"அவனா? எதுக்கு?"

"நீ வந்து அவர் வாயாலயே கேளு," என்றாள்.